தேர்ச்சிப் பட்டியலின் கடையிடம்

(ஆம்பூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் காலையில் மாணாக்கர் தத்தம் மதிப்பெண்ணைத் தேடுவர். நண்பகலுக்குள் வேறொரு பட்டியல் நாடெங்கும் பரவிவிடும். மாவட்டங்களை முதலிடம் தொட்டுக் கடையிடம் வரை நிறுத்தும் பட்டியல் அது. அதன் அடிக்கோடியில் வேலூர், இராணிப்பேட்டை என்னும் பெயர்களைக் காண்பது இவ்வட்டாரத்தார்க்குப் பழகிப்போன துயரம்.

எண்களையே முதலில் பார்த்துவிடுதல் நன்று. 2022-இல் தமிழ்நாட்டின் தேர்ச்சி 90.07 விழுக்காடு; வேலூர் 79.87 பெற்றுக் கடையிடத்தில் நின்றது. 2023-இல் தமிழ்நாடு 91.39, அவ்வாண்டு கடையிடம் இராணிப்பேட்டைக்கு, 83.54. 2024-இல் தமிழ்நாடு 91.55, வேலூர் 82.07, மீண்டும் கடையிடம். 2025-இல் தமிழ்நாடு 93.80, வேலூர் 85.44, அப்போதும் கடையிடமே. அவ்வாண்டு முதலிடம் பெற்ற சிவகங்கை 98.31 விழுக்காடு. இராணிப்பேட்டையும், ஆம்பூரையும் வாணியம்பாடியையும் உட்கொண்ட திருப்பத்தூரும் 2019 வரை வேலூர் மாவட்டத்தின் உறுப்புகளாகவே இருந்தவை. ஆகவே இப்பழி பாலாற்றங்கரை முழுமைக்கும் உரியதாகவே பேசப்படுகின்றது.

பட்டியல் வெளியான மறுநாள் எழும் பேச்சுகளும் ஈண்டுள்ளோர் அறிந்தவையே. "தோல் ஊறப்போடும் ஊரில் படிப்பு எங்கே ஏறும்?" என்பான் ஒருவன். "அரசுப் பள்ளி ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை" என்பான் மற்றொருவன். "தமிழ்வழியில் போட்டால் இதுதான் கதி, பிள்ளையை ஆங்கிலவழிக்கு மாற்று" என்று மூன்றாமவன் அறிவுரை கூறுவான். மூவரும் ஒரே எண்ணைக் காட்டித்தான் பேசுகின்றனர். அவ்வெண் இம்மூன்றனுள் எதனையேனும் மெய்ப்பிக்கின்றதா என்பதே இன்று ஆராயவேண்டிய செய்தி.

மேற்சொன்ன எண்களை மற்றொரு வகையாகவும் கூட்டிக் கழிக்கலாம். 2022-க்கும் 2025-க்கும் இடையில் தமிழ்நாடு ஏறியது 3.73 புள்ளி. வேலூர் ஏறியது 5.57 புள்ளி. மாநிலத்திற்கும் வேலூருக்கும் இடையிலான தொலைவு 10.20 புள்ளியிலிருந்து 8.36 புள்ளியாகக் குறுகியுள்ளது. நாட்டைக் காட்டிலும் விரைந்து நடந்த மாவட்டம் நின்ற இடத்திலேயே நிற்பதாகப் பட்டியல் காட்டுகின்றது. முன்னே சென்றோரும் நடந்துகொண்டேயிருப்பதால் வரிசையில் இடம் மாறவில்லை. வரிசை எண்ணுக்கு நடையின் விரைவைக் காட்டும் ஆற்றல் இல்லை. யார் முன், யார் பின் என்பதொன்றே அதற்குத் தெரியும்.

இதனைக் கண்டு, வேலூர் வளர்ந்துவிட்டதென்று கூத்தாடுவதும் முறையன்று. 2022-இல் தேர்வெழுதிய பிள்ளைகள் வேறு. 2025-இல் எழுதிய பிள்ளைகள் வேறு. முன்னவர் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் எட்டாம் வகுப்பின் முடிவையும் ஒன்பதாம் வகுப்பையும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே கழித்தவர். கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ சிறிது கற்றது. இல்லாத வீட்டுப் பிள்ளை கற்றதையும் மறந்தது. பெருந்தொற்றின் கரணியமாக 2020-இலும் 2021-இலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடைபெறவில்லை. எல்லாரும் தேறியதாக அறிவிக்கப்பட்டனர். அவ்விரண்டாண்டும் வேலூரும் சிவகங்கையும் கன்னியாகுமரியும் ஒருநிகர். தேர்வு இல்லாதபோது எல்லா மாவட்டமும் முதலிடம் என்பதே, இப்பட்டியல் எதனை அளக்கின்றது என்பதற்கு ஒரு குறும்பான சான்று!

அங்ஙனமாயின் வளர்ச்சியை அளப்பது எப்படி? ஒரே பிள்ளை சென்ற ஆண்டு எங்கிருந்தது, இவ்வாண்டு எங்கே வந்துள்ளது என்று பார்ப்பதே வளர்ச்சியளவை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இதனை விளக்க நெடும்பொழுது வேண்டியதில்லை. தோல் வணிகர் எவரும் விற்ற விலையை மட்டும் சொல்லி ஊதியம் இவ்வளவு என்பதில்லை. பச்சைத்தோல் என்ன விலைக்கு வந்தது, சுண்ணாம்பும் பட்டையும் மருந்தும் எவ்வளவு தின்றன, கூலி எவ்வளவு ஆயிற்று என்று எல்லாம் கழித்த பின்னரே கணக்கு முடிப்பர். தழும்பும் துளையுமாக வந்த தோலை நல்ல சரக்காக்கி விற்றவனைக் கைதேர்ந்தவன் என்பர். பிள்ளை சரக்கன்று, ஒப்புமை கணக்கு முறைக்கு மட்டுமே. ஆயினும் தோலுக்கு இவ்வளவு நேர்மையாகக் கணக்குப் பார்க்கும் ஊரில், பிள்ளைக்கு மட்டும் விற்றவிலைக் கணக்குப் பார்ப்பது ஏன்?

இரண்டு பள்ளிகளை எண்ணிக்கொள்க. முதற்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நுழையும் பிள்ளைகள் நூற்றுக்கு அறுபது வாங்கும் நிலையில் வருகின்றனர். பத்தாம் வகுப்பு முடிவில் அறுபத்துநான்கு வாங்குகின்றனர். எல்லாரும் தேர்ச்சி, பள்ளி வாயிலில் பெரிய பதாகை. இரண்டாம் பள்ளியில் பிள்ளைகள் பதினைந்து வாங்கும் நிலையில் வருகின்றனர். முடிவில் முப்பத்தெட்டு வாங்குகின்றனர். நால்வரில் ஒருவர் தோல்வி. அப்பள்ளித் தலைமையாசிரியர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும். எப்பள்ளியில் ஆசிரியர் கைவண்ணம் மிகுதி? தாழ்ந்த இடத்திலிருந்து ஏறுவது எளிதென்றும் உயர்ந்த இடத்திலிருந்து ஏறுவது அரிதென்றும் இதற்கு மறுப்புக் கூறுவாருமுண்டு. அது தக்க மறுப்பே. அதனாற்றான் வளர்ச்சியளவை அறிந்தோர், ஒரே நிலையில் தொடங்கிய பிள்ளைகளைத் தம்முள் ஒப்பிடுவர்: பதினைந்தில் தொடங்கிய மற்றைப் பிள்ளைகள் எங்கே சென்றன, இப்பள்ளிப் பிள்ளை எங்கே சென்றது என்று.

தேர்ச்சி விழுக்காட்டில் மற்றொரு பெருங்குறை உண்டு. முப்பத்தைந்து என்பது ஒரு கோடு. எட்டு மதிப்பெண் வாங்கிய பிள்ளை ஆசிரியரின் ஓராண்டு உழைப்பால் முப்பதுக்கு வந்தால் பட்டியலில் அதற்கு மதிப்புச் சுழி. முப்பத்துநான்கு வாங்கிய பிள்ளை முப்பத்தைந்து வாங்கினால் அது ஒரு வெற்றி. அழுத்தத்துக்கு ஆட்பட்ட பள்ளி என்ன செய்யும்? கோட்டின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு வைத்து, வழக்கமாக வரும் வினாக்களை உருப்போட வைக்கும். நெடுந்தொலைவு பின்தங்கிய பிள்ளைக்குப் பொழுது ஒதுக்குவது இழப்பாகத் தோன்றும். நன்றாகப் படிக்கும் பிள்ளை எப்படியும் தேறும் என்று விடப்படும். "மெல்லக் கற்போர்" என்று பெயரிட்டு ஒரு கையேடு கொடுத்தபின், அதற்கு மேற்பட்ட நூற்பகுதி அப்பிள்ளைக்கு இல்லையென்றே ஆகிவிடுகின்றது. செய்யுளின் சுவை, கட்டுரை எழுதும் வன்மை, தானே ஒரு நூலெடுத்துப் படிக்கும் பழக்கம் ஆகியவற்றுக்கு அங்கே இடமேது? தமிழ்ப்பாடமே தேர்ச்சிக்குரிய சில பக்கங்களாகச் சுருங்குவதைத் தமிழாசிரியர் அறிவர்.

விழுக்காட்டின் அடியெண் தேர்வு எழுதினோர் தொகை. எழுதாதோர் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாளன்று வராதவர் ஐம்பதாயிரத்துக்கு மேல் என்னும் செய்தி நாட்டையே திடுக்கிட வைத்தது. தமிழ்நாட்டில் தமிழ்த்தாள் எழுத வராதவர் தொகை அது! வராத பிள்ளை விழுக்காட்டைக் குறைப்பதில்லை. ஆகவே பிள்ளையைத் தேடிப் பிடித்து அழைத்து வந்து எழுதவைக்கும் நல்ல தலைமையாசிரியருக்குப் பட்டியல் தருவது தண்டனை. ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிக்கு அது தருவது பாராட்டு.

இவ்வட்டாரத்துப் பிள்ளை பள்ளிக்குள் எதனைச் சுமந்து வருகின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மக்கள் வாயில் "ஷூ கம்பெனி" என வழங்கும் காலணித் தொழிற்சாலைக்குத் தாய் விடியற்காலையில் வண்டியேறிவிடுவாள். தந்தை தோற்சாலையில் நனைந்த தோலோடு நிற்பான். தம்பி தங்கையை எழுப்பி, கஞ்சி ஊற்றி, பால்வாடியில் விட்டுவிட்டு வரவேண்டியது பதின்மூன்று அகவைப் பெண். மாலையில் வீட்டுத் திண்ணையில் காலணி மேற்பகுதிக்குக் கையால் தையலிடும் வேலை. குடியேற்றம், பேரணாம்பட்டுப் பக்கமானால் பீடிச் சுருட்டு. பாலாற்று நீர் தோற்சாலைக் கழிவால் கெட்டதைப்பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. கெடுத்தவரே ஈடுசெய்க என்னும் நெறி இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு உரைத்தது. நிலத்துக்கும் நீருக்கும் இழப்புக் கணக்கிட்டார்கள். பிள்ளைகள் இழந்த படிப்பு நாள்களுக்கு அங்ஙனம் கணக்கிட்டவர் இலர்.

வீட்டுமொழியும் உண்டு. வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் மிகப்பல. தெலுங்கு பேசும் குடும்பங்களும் உள. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் கற்கவேண்டும் என்றது, அது வேண்டற்பாலதே. ஆயினும் பள்ளியில்தான் முதன்முதல் தமிழெழுத்தைக் காணும் பிள்ளையையும், தாலாட்டிலேயே தமிழ் கேட்ட பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஒன்றைத் தாழ்ந்தது என்பது முறையாகாது. தாய்மொழிவழிக் கல்வியைத் தமிழர்க்கு வேண்டுவோர் அவ்வுரிமையின் பொருளை உருதுப் பிள்ளைக்கும் உணர்ந்தாக வேண்டும். அப்பிள்ளை தமிழில் எத்துணைத் தொலைவு வந்துள்ளது என்று அளந்தால் அதன் ஆசிரியரைத் தலைமேல் வைத்துப் போற்றத் தோன்றும்.

தமிழ்வழி மட்டம் என்னும் கூற்றுக்கு வருவோம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. வசதியுள்ள வீட்டார், படித்த பெற்றோர், பிள்ளைக்குத் தனிவகுப்பு வைக்கக்கூடியோர் அப்பக்கம் சென்றனர். எஞ்சியோர் பிள்ளைகள் தமிழ்வழியில் நின்றன. இரண்டு பிரிவுக்கும் நுழைவுநிலையே வேறாயிருக்க, முடிவுநிலையை மட்டும் ஒப்பிட்டு மொழியின்மேல் பழிபோடுவது எக்கணக்கில் சேரும்? நுழைந்தபோது ஒத்திருந்த பிள்ளைகளை எடுத்து, இரு வழியிலும் வளர்ச்சி எவ்வளவு என்று காட்டட்டும். அக்கணக்கை ஏற்கத் தமிழன்பர் அஞ்ச வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளியை மதிக்கும் முறை புதிதன்று. 1862-இல் இங்கிலாந்தில் இராபர்ட்டு லோ என்பார் வகுத்த விதிப்படி, ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் செய்து பார்ப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு பணம் என்று பள்ளிக்கு நல்கை. பள்ளி ஆய்வாளராயிருந்த பாவலர் மாத்தியூ ஆர்னால்டு அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஆய்வாளருக்கு ஒப்பிக்கும் பகுதியைத் தவிர மற்றைக் கல்வி வாடிற்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அம்முறை கைவிடப்பட்டது. அதே காலத்தில் அதன் வழித்தோன்றலாகச் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கேற்ற நல்கைமுறை நடைமுறையில் இருந்தது.

அமெரிக்காவில் தெனெசி மாநிலம் 1992-இல் வேறொரு வழி கண்டது. வேளாண்மைப் புள்ளிகளை ஆய்ந்துவந்த வில்லியம் சாண்டர்சு என்னும் புள்ளியியலறிஞர், ஒவ்வொரு பிள்ளையின் ஆண்டுத் தேர்வுகளையும் தொடர்ந்து சேர்த்து, பள்ளி கூட்டிய பங்கைக் கணக்கிடும் முறையை வகுத்தார். மாநிலம் அதனைச் சட்டமாக்கியது. பின்னர் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்துச் சான் ரியர்டன் என்பார் ஏறத்தாழ பதினோராயிரம் கல்வி மாவட்டங்களின் தேர்வுகளை ஆராய்ந்து 2017-இல் முடிவு வெளியிட்டார். சிக்காகோ நகரை அனைவரும் அறிவர். ஒரு காலத்தில் ஆடுமாடு அறுக்கும் தொழிலுக்குப் பெயர்போன உழைப்பாளர் நகரம். அதன் பள்ளிகளை நாட்டிலேயே இழிந்தவை என்று ஏசியதுண்டு. மூன்றாம் வகுப்பில் அந்நகரப் பிள்ளைகள் நாட்டு நிலைக்கு மிகத் தாழ்ந்தே இருந்தனர். அங்கிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்தாண்டில் ஆறாண்டுப் படிப்பு அளவுக்கு வளர்ந்திருந்தனர் என்று அவ்வாய்வு காட்டிற்று. செல்வம் மிகுந்த ஊர்களில் தொடக்கநிலை உயர்வாயிருந்தும் வளர்ச்சி குன்றிய மாவட்டங்களும் காணப்பட்டன. தொடக்கநிலை வீட்டையும் ஊரையும் காட்டும். வளர்ச்சி பள்ளியைக் காட்டும் என்று அதனைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இதனைக் கேட்டு, வளர்ச்சியளவையை ஆசிரியர் முதுகில் அடிக்கும் கோலாக்கி விடுதலும் கூடாது. அட்லாண்டா நகரில் மதிப்பெண் இலக்கு எட்டாத பள்ளிக்குத் தண்டனை, எட்டிய பள்ளிக்குப் பரிசு என்றிருந்தது. 2011-இல் வெளியான அரசு ஆய்வறிக்கை, 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் முறைகேட்டில் ஈடுபட்டதாகச் சொல்லிற்று. பிள்ளைகளின் விடைத்தாளில் தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்தவர்கள் ஆசிரியர்களே! 2015-இல் பதினொருவர் குற்றவாளிகளென முடிவு செய்யப்பட்டனர். அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையோ, மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரின் பங்கு ஒன்று முதல் பதினான்கு விழுக்காடு வரையே என்று ஆய்வுகள் காட்டுவதாகக் கூறி எச்சரித்தது. தனியொரு ஆசிரியரை ஓராண்டு எண்ணால் எடைபோடுதல் பிழைபடும். ஒரு மாவட்டத்தின் பல்லாயிரம் பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்தால் அவ்வளவை ஓரளவு நிலைபெறும்.

தமிழர்க்கு இவ்வெண்ணம் மேற்கிலிருந்து வரவேண்டியதுமில்லை. திண்ணைப் பள்ளியில் ஆண்டுக்கொரு வகுப்பு என்னும் கட்டு இல்லை. ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான், பக்கத்தில் ஒருவன் எண்சுவடியில், மூத்தவன் நிகண்டில். முடித்தவன் அடுத்த சுவடிக்குச் செல்வான். முடிக்காதவன் முடிக்கும் வரை இருப்பான். அவனை அவனோடுதான் ஒப்பிட்டனர். மூத்த மாணாக்கன் இளையவனுக்குக் கற்பிக்கும் அம்முறையைச் சென்னையில் கண்ட ஆண்டுரூ பெல் என்னும் பாதிரியார் 1797-இல் நூலெழுதி இங்கிலாந்தில் பரப்பினார். அது சென்னை முறை என்றே பெயர்பெற்றது. பெருமை பேசும்போது உண்மையையும் பேசவேண்டும்: தோலோடு உழைத்த குடிகளின் பிள்ளைகளை அத்திண்ணைகள் ஏற்றவையல்ல. இன்று அப்பிள்ளைகளே அரசுப் பள்ளி வகுப்புகளை நிரப்புகின்றனர். பலர் தம் குடியில் பத்தாம் வகுப்பைத் தொடும் முதற்பிள்ளைகள். தேர்ச்சிப் பட்டியலுக்கு அவர்தம் குடிவரலாறு தெரியாது.

பதினாறாம் அகவையின் எண்ணே ஒருவனின் எல்லை என்பதற்கும் இவ்வட்டாரமே மறுப்பு. திருப்பத்தூரில் படித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து, உடல்நலம் குன்றி வேலையை விட்டு, தாமே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் முதலாகத் தேறிய மு. வரதராசனார், 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார்.

வளர்ச்சிப் பேச்சு சிலர்க்குப் போர்வையாகிவிடும் இடரும் உண்டு. "எங்கள் பிள்ளைகள் தோற்றாலும் வளர்ந்துள்ளனர்" என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் ஆகாது. பல்தொழில் கல்லூரியும் வேலை தருவோனும் கேட்பது மதிப்பெண் சான்றிதழையே. முப்பது வாங்கிய பிள்ளைக்கு, எட்டிலிருந்து வந்தாய் என்னும் ஆறுதல் சோறு போடாது. நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் தோற்பது வேலூர் மாவட்டத்துக்கு நாடு செலுத்தவேண்டிய கடன். அக்கடனைத் தேர்ச்சி எண் காட்டுகின்றது. அக்கடனை அடைக்கப் பள்ளி எவ்வளவு உழைத்தது என்பதை வளர்ச்சி எண் காட்டும். இரண்டையும் அருகருகே எழுதினாலன்றி எதுவும் விளங்காது.

இதற்குக் கருவி இல்லாமலும் இல்லை. 2017 மே திங்களில் தமிழ்நாட்டரசு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணாக்கர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. பிள்ளைகளை வரிசைப்படுத்துவது தீது என்று கண்ட அரசு, மாவட்டங்களை வரிசைப்படுத்தும் பட்டியலை மட்டும் விடவில்லை. அதே 2017 நவம்பரில் நடுவணரசு மாவட்டத்தை அலகாகக் கொண்டு கற்றலடைவு ஆய்வு நடத்தியது. 2021-இலும் 2024 திசம்பரிலும் அத்தகைய ஆய்வுகள் நடந்தன. அவை தேர்ந்தெடுத்த சில வகுப்புகளில் சில பிள்ளைகளை ஒருமுறை பார்த்துச் செல்பவை. அடுத்த முறை வேறு பிள்ளைகள். அவற்றால் நிலை தெரியும். ஒரு பிள்ளையின் நடை தெரியாது. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கல்வித்துறை தனியெண் கொடுத்துள்ளது. பள்ளி மாறினாலும் அவ்வெண் மாறுவதில்லை. எட்டாம் வகுப்பில் அவ்வெண்ணுக்கு உரிய பிள்ளை தமிழும் கணக்கும் எவ்வளவு அறிந்திருந்தது, பத்தாம் வகுப்பில் எவ்வளவு அறிந்துள்ளது என்று இணைத்துப் பார்ப்பது பெருஞ்செலவான வேலையன்று.

ஆகவே இங்குக் கூடியுள்ள பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் முதன்மைக் கல்வி அலுவலரிடம் கேட்கவேண்டியவை சிலவே. ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் சூன் திங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தமிழில் ஒரு பத்தியைப் படித்து எழுத முடிகின்றதா, எளிய கணக்குகள் போட முடிகின்றதா என்று பார்த்து எழுதி வைக்கவேண்டும். ஐந்தாம் வகுப்பிலேயே அதனைச் செய்தல் இன்னும் நன்று. ஒன்பதாம் வகுப்பில் கண்டறிவது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதற்கு நிகர். அப்பதிவு பெயரின்றிப் பள்ளிவாரியாக வெளியிடப்பெறல் வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவு வரும்போது தேர்ச்சி விழுக்காட்டின் பக்கத்தில் நுழைவுநிலையும், ஒன்பதில் சேர்ந்தோர் எத்தனைபேர், தேர்வெழுதினோர் எத்தனைபேர் என்னும் எண்ணும் நிற்கவேண்டும். தாழ்ந்த நுழைவுநிலை உள்ள பள்ளிக்குத் தண்டனைக் கடிதத்துக்கு மாற்றாகக் கூடுதல் ஆசிரியரை அனுப்பவேண்டும். அடுத்த மேயில் மாவட்டப் பட்டியல் வெளிவரும் நாளன்று இவ்வெண்கள் கையில் இருக்குமாயின், தோல் ஊறப்போடும் ஊரைப் பற்றிப் பேசுகின்றவனிடம் எடுத்துக் காட்டலாம்.